பணியிடப் பண்பாடும் நம்பிக்கையும் படைப்பாற்றலும்: திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை முன்வைத்து

பணியிடப் பண்பாடு என்பது ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ கலைக்கூடத்திலோ வேலை செய்பவர்கள், யாரும் எழுதி வைக்காமலேயே கடைப்பிடித்துவரும் பழக்கங்களின் தொகுப்பாகும். எழுதிய விதிகளை நிறுவனத்தின் கையேட்டில் படித்துக்கொள்ளலாம். பண்பாட்டை அப்படிப் படிக்க முடியாது. மேலாளர் போட்ட கணக்கு தவறு என்று கண்டுபிடித்த இளைய ஊழியர் அதைக் கூட்டத்திலேயே சொல்கிறாரா, அல்லது கூட்டம் முடிந்தபின் டீக்கடையில் நண்பரிடம் மட்டும் சொல்கிறாரா என்பதைக் கவனித்தால் அது தெரியும். ஊழியர்களின் படைப்பாற்றலுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. புதிய யோசனை எதுவும் முதலில் அரைகுறையாகத்தான் பிறக்கும். அரைகுறையான ஒன்றைப் பிறர் முன் வைக்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தருவது நம்பிக்கை.

இதை விளக்கத் தென்சென்னையின் திருவான்மியூர் பொருத்தமான இடம். மருந்தீசுவரர் கோயிலால் அறியப்பட்ட இந்தக் கடற்கரை ஊருக்கு 1962ஆம் ஆண்டு கலாக்ஷேத்ரா இடம்பெயர்ந்தது. அருகிலுள்ள தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. ஒரே சுற்றுவட்டாரத்தில் மூன்று வகையான பணியிடங்கள். இவற்றுள் கலாக்ஷேத்ராவின் வரலாறே நம்பிக்கை எதை உண்டாக்கும், அது இல்லாதபோது என்ன ஆகும் என்ற இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது.

சொற்களின் பொருள்

வேலையிடத்துப் படைப்பாற்றல் என்றால் கவிதை எழுதுவதும் படம் வரைவதும் மட்டும் அன்று. புதியதாகவும் அந்த வேலைக்குப் பயன்படுவதாகவும் இருக்கும் எந்த யோசனையும் இதில் அடங்கும். வார்ப்பாலையில் அச்சின் வடிவத்தைச் சற்று மாற்றி வீணாகும் உலோகத்தைக் குறைத்தால் அதுவும் படைப்பாற்றலே. அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபிலே இதற்கு மூன்று கூறுகள் தேவை என்றார்: துறைத் தேர்ச்சி, புதிய கோணத்தில் யோசிக்கும் பழக்கம், செய்யும் வேலையின் மீதான உள்ளார்ந்த ஈடுபாடு. முதல் இரண்டையும் ஊழியர் பெரும்பாலும் தம்மோடு கொண்டுவருகிறார். மூன்றாவதைப் பணியிடம் வளர்க்கவும் முடியும், சில மாதங்களில் கொன்றுவிடவும் முடியும்.

நம்பிக்கை என்ற சொல் தமிழில் பல பொருள்களைத் தாங்கி நிற்பதால் சற்றுக் கவனம் தேவை. மேலாண்மை ஆய்வில் 1995ஆம் ஆண்டு மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் ஆகிய மூவர் தந்த விளக்கம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இன்னொருவரால் தனக்குத் தீங்கு நேரக்கூடும் என்று தெரிந்தும், அவரைக் கண்காணிக்க இயலாத நிலையிலும், அவர் கையில் தன்னை ஒப்படைக்க முன்வருவதே நம்பிக்கை என்றனர் அவர்கள். எதிராளியின் திறமை, நல்லெண்ணம், நேர்மை ஆகிய மூன்றையும் பார்த்தே அப்படி ஒப்படைக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் குடும்பமும் இதே மூன்றைத்தான் விசாரிக்கிறது.

1999ஆம் ஆண்டு ஏமி எட்மண்ட்சன் இதைக் குழுவுக்கு விரித்து, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கேள்வி கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ, தவறை ஒப்புக்கொண்டால் தண்டிப்பார்களோ என்ற அச்சம் இல்லாத சூழல் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கித் தன்னுடைய ஏறத்தாழ 180 குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களைப் பிரித்துக் காட்டிய காரணிகளுள் முதன்மையானது இதுவே என்று கண்டது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பது முக்கியமாக இருந்தது.

கலாக்ஷேத்ராவில் வேலை நடந்த விதம்

ருக்மிணி தேவி அருண்டேல் 1936ஆம் ஆண்டு சனவரியில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். முந்தைய ஆண்டின் இறுதியில்தான் அவர் முதன்முறையாக மேடையேறிச் சதிராடியிருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர் அக்கலையை மேடையில் ஆடியது அன்றைய சென்னையில் பெரும் சர்ச்சை. தானே ஒரு பெரிய துணிச்சலைச் செய்து முடித்த ஒருவர் தொடங்கிய பணியிடம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கலாக்ஷேத்ராவை ஒரு பள்ளியாகப் பார்ப்பதே வழக்கம். அது ஒரு பணியிடமும்கூட. பாடகர்கள், வீணை வித்துவான்கள், நட்டுவனார்கள், கதகளி ஆசான்கள், நெசவாளர்கள், உடை தைப்பவர்கள், மேடை அமைப்பவர்கள் எனப் பலர் சேர்ந்து ஒரே படைப்பை உருவாக்கிய இடம். 1944இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கி இங்கே உருவான நாட்டிய நாடகங்கள் ஒவ்வொன்றும் கூட்டு உழைப்பால் ஆனவை. திரிகூடராசப்பக் கவிராயரின் நூலுக்கு வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். 1947இல் வந்த குமாரசம்பவத்துக்கு டைகர் வரதாச்சாரியார் இசையமைத்தார். கச்சேரி மேடையில் பெயர் பெற்ற அந்த மேதைகளுக்கு நாடகக் காட்சிக்கு இசையமைப்பது பழகிய வேலை இல்லை. ஒரு காட்சியின் உணர்ச்சி மாறும் இடத்தில் ராகமும் மாற வேண்டும். ஆடுபவரின் காலுக்கு இடம் விட வேண்டும். பாட்டு அழகாக இருக்கிறது என்பதற்காக நீட்டிவிட முடியாது.

இதில் மிகவும் வியப்பூட்டும் எடுத்துக்காட்டு மைசூர் வாசுதேவாச்சாரியார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர், மைசூர் அரண்மனை வித்துவான். 1865இல் பிறந்த அவர், கலாக்ஷேத்ராவின் இராமாயண வரிசையில் முதல் நாடகமான சீதா சுயம்வரம் 1955இல் மேடையேறியபோது 90 வயதைத் தொட்டிருந்தார். வால்மீகியின் சுலோகங்களை ஆறு நாடகங்களாக அமைக்கும் பெரிய திட்டம் அது. இன்றைய மனிதவளத் துறை எதுவும் 90 வயதுக்காரரிடம், அதுவும் அவர் அதுவரை செய்திராத வடிவத்தில், இத்தனை ஆண்டுகள் நீளக்கூடிய வேலையை ஒப்படைக்காது. ருக்மிணி தேவி ஒப்படைத்தார். வாசுதேவாச்சாரியார் 1961இல் மறைந்தார். எஞ்சியிருந்த இசைப் பணியை அவருடைய பேரன் எஸ். ராஜாராம் தொடர்ந்தார், வரிசையின் கடைசி நாடகமான மகா பட்டாபிஷேகம் 1970இல் அரங்கேறியது.

மேயர் குழுவினரின் விளக்கத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். திறமையைப் பற்றி ஐயமே இல்லை. ஆனால் திறமை மட்டும் போதுமானால் எந்தச் சபையும் அவரிடம் இந்த வேலையைக் கேட்டிருக்கலாம். அவர் இசையமைத்ததை நடனக்காரர்கள் சிதைத்துவிட மாட்டார்கள், பாதியில் திட்டத்தைக் கைவிட மாட்டார்கள் என்ற உறுதி அவருக்கு இருந்தாக வேண்டும். அந்த உறுதியைத் தந்தது வளாகத்தின் வாழ்க்கை முறை. ஆசிரியர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். ஒத்திகை, பாடம், சாப்பாடு, ஆலமரத்தடியில் காலை வழிபாடு எல்லாம் ஒரே இடத்தில். ஒரு சந்தேகம் வந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை; நாலு அடி நடந்து போய்க் கேட்டுவிடலாம்.

கதகளியின் வரவும் அப்படித்தான். சந்துப் பணிக்கர் போன்ற ஆசான்கள் கேரளத்திலிருந்து வந்து சேர்ந்தபின், நாட்டிய நாடகங்களின் ஆண் பாத்திரங்களுக்குக் கதகளியின் அசைவுகள் வலுவூட்டின. இராவணனும் பரசுராமனும் மேடையில் நிற்கும் நிலையே மாறியது. இரண்டு மரபுகளை ஒரே கூடத்தில் வைத்தால் தானாகக் கலந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு மரபுக்கும் தன் சுத்தத்தைப் பற்றிய கவலை உண்டு. அந்தக் கவலையை மீறி இன்னொருவரின் கலையைத் தொட்டுப் பார்க்க, தன் கலையைக் கேலி செய்ய மாட்டார்கள் என்ற தெம்பு வேண்டும்.

நெசவுக்கூடத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆடுபவர்களுக்கு ஏற்ற துணி கடைகளில் கிடைக்காததால் 1930களின் பிற்பகுதியிலேயே கலாக்ஷேத்ரா தறிகளை அமைத்தது. பழைய கோயில் கரைகளையும் மறைந்துகொண்டிருந்த வண்ணச் சேர்க்கைகளையும் அங்கே மீட்டெடுத்தார்கள். அகலமான கரையும் எடுப்பான மாற்று நிறமும் கொண்ட 'கலாக்ஷேத்ரா புடவை' பின்னாளில் தனி அடையாளமாகிவிட்டது. தான் நெய்தது மேடை விளக்கில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலான நெசவாளர்களுக்குக் கிடைப்பதில்லை. வேலையின் முடிவைக் கண்ணால் காண்பது, அமபிலே சொன்ன உள்ளார்ந்த ஈடுபாட்டை வளர்க்கும் வழிகளுள் ஒன்று.

இந்தப் படத்துக்கு மறுபக்கமும் உண்டு. சதிர் பரதநாட்டியமாக மாறிய அந்தக் காலத்தில், தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்த இசை வேளாளர் குடும்பங்களும் தேவதாசி மரபுப் பெண்களும் ஓரங்கட்டப்பட்டனர் என்ற விமர்சனத்தை வரலாற்றாய்வாளர்கள் முன்வைக்கின்றனர். சிருங்காரத்தைக் குறைத்த ருக்மிணி தேவியின் அணுகுமுறையை பாலசரசுவதி வெளிப்படையாகவே மறுத்தார். நட்டுவனார் சொக்கலிங்கம் பிள்ளை 1940களில் கலாக்ஷேத்ராவை விட்டு விலகியபோது, நட்டுவாங்கத்தை ருக்மிணி தேவியும் அவருடைய மாணவிகளும் ஏற்றுக்கொண்டனர். அந்த மாணவிகளுக்கு அது பெரும் வாய்ப்பு. பரம்பரை நட்டுவனார்களுக்கு அது இடம் பறிபோன செய்தி. ஒரு பணியிடம் யாருக்கு நம்பிக்கையைக் கொடுத்தது என்று கேட்கும்போது யாருக்குக் கொடுக்கவில்லை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சோறு முதலில்: சோழமண்டலம்

ஈஞ்சம்பாக்கத்தின் கதை சுருக்கமானது. அரசு கவின் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலத்தை நிறுவினர். அன்றைய சென்னையில் ஓவியம் விற்றுப் பிழைப்பது நடக்காத காரியம். எனவே கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணி முதலான பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருவாய்தான் நிலம் வாங்கவும் உதவியது. துணிக்குச் சாயம் போடும் வேலை வயிற்றைப் பார்த்துக்கொண்டதால், ஓவியத்தில் யாருக்கும் பிடிக்காத ஒன்றை வரைந்து பார்க்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது.

படைப்பாற்றல் பற்றிய மேலாண்மை நூல்கள் பலவற்றில் சம்பளத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட இருப்பதில்லை. மாதக் கடைசியில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்த ஊழியரிடம் துணிந்து யோசிக்கச் சொல்வது வேடிக்கை. சோழமண்டலத்தார் அந்த வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தனர்.

கெட்ட செய்தி மேலே போகும் வழி

ஏமி எட்மண்ட்சனின் ஆய்வு ஒரு மருத்துவமனைப் புதிரிலிருந்து பிறந்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. கிளறிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்களில் செவிலியர்கள் தவறுகளை வெளியே சொன்னார்கள். மற்ற குழுக்களில் மறைத்தார்கள். பதிவேட்டில் தவறே இல்லாத வார்டுதான் ஆபத்தான வார்டாக இருக்கக்கூடும்.

இந்தியாவில் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு எஸ்எல்வி-3. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்த ஏவுகணை வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18 அன்று அதே ஏவுகணை ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். கலாம் மேடைதோறும் சொன்ன கதை என்பதால் பலர் இதைத் தலைவரின் பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் படிக்கின்றனர். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட பதினொரு மாதங்களில் நடந்தது அதைவிட முக்கியம். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு ஏற்பட்டிருந்தது. புறப்பாட்டுக்கு முன் கணினி எச்சரித்தும், வல்லுநர்களின் சொல்லைக் கேட்டு அதைத் தாண்டிச் சென்றதாகக் கலாமே பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படிப்பட்ட உண்மைகள் கோப்பில் ஏறினால்தான் அடுத்த ஏவுகணை பறக்கும். தலைவர் வெளியே அடியை வாங்கிக்கொண்டதால் உள்ளே இருந்தவர்கள் உண்மையைப் பேச முடிந்தது.

தொழிற்சாலைகளில் இதே கருத்து வேறு உருவில் வந்தது. ஜப்பானியத் தர இயக்கத்துக்கு வழிகாட்டிய எட்வர்ட்ஸ் டெமிங் தந்த 14 நெறிகளுள் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பது. அவர் பெயரிலான டெமிங் பரிசை 1998இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. அந்த வகை மேலாண்மையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்தான் அதன் குறைகளை நன்கறிந்தவர் என்ற எண்ணம் அடிப்படையானது. டொயோட்டாவில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். நின்றுபோன ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் போகிறது என்று தெரிந்தும் அந்தக் கயிற்றைத் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நம் ஊர்களில் பல அலுவலகங்களில் ஆலோசனைப் பெட்டி தொங்கும். சாவி யாரிடம் என்றே தெரியாத பெட்டிகளும் உண்டு. எழுதிப் போட்டவருக்கு ஒரு வாரத்தில் பதில் வருகிறதா, யோசனை ஏற்கப்பட்டால் அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கே தரப்படுகிறதா, ஏற்கப்படாவிட்டால் காரணம் சொல்லப்படுகிறதா என்ற மூன்றும்தான் பெட்டியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். நிராகரிப்பு யாரையும் நிரந்தரமாக வாயடைக்கச் செய்வதில்லை. பதிலே வராததுதான் அப்படிச் செய்கிறது.

ஐடி வழித்தடம்

டைடல் பூங்கா திறந்தபின் பழைய மாமல்லபுரம் சாலை முழுவதும் ஐடி அலுவலகங்கள் எழுந்தன. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்களே அதிகம். அந்த அலுவலகங்களில் படைப்பாற்றலுக்குத் தனி நாள் ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஹேக்கத்தான் நடத்துவார்கள், பீட்சா வரும், பரிசு தருவார்கள். மறுநாள் காலை வழக்கமான டைம்ஷீட் தொடங்கிவிடும்.

அந்த டைம்ஷீட்டில்தான் உண்மையான பண்பாடு எழுதப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டக்கூடிய மணிநேரம் என்ன, காட்ட முடியாத மணிநேரம் என்ன என்று ஒவ்வோர் அரைமணியையும் பிரிக்கும் இடத்தில், பயன் தருமா என்று தெரியாத ஒரு யோசனையை முயன்று பார்க்க எந்த வரிசையும் இருக்காது. மேலும், குழுவில் எத்தனை பேர் சிறப்பாக வேலை செய்தாலும் இத்தனை சதவீதம் பேருக்குக் குறைந்த மதிப்பெண் தந்தே ஆக வேண்டும் என்ற அப்ரைசல் முறை பல நிறுவனங்களில் இருந்தது. சிலவற்றில் இன்னமும் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் யோசனைக்குக் கைகொடுத்தால் தன் மதிப்பெண் குறையலாம் என்ற நிலையில், நல்ல மனிதர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மென்பொருள் துறை தானே கண்டுபிடித்த நல்ல பழக்கம் ஒன்றும் உண்டு. சேவையகம் விழுந்து பெரிய தடை ஏற்பட்டால், யார் செய்தது என்று கேட்காமல் எப்படி நடந்தது என்று மட்டும் எழுதும் அறிக்கை முறை அது. தவறான கட்டளையைத் தட்டியவரே அறிக்கையை எழுதுவார். அவர் பெயரைச் சொல்லித் திட்டினால் அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்ற எளிய கணக்குதான் அதன் அடிப்படை. இந்த முறையைப் பெயரளவில் ஏற்றுக்கொண்டு, அப்ரைசல் நேரத்தில் அதே அறிக்கையை எடுத்துக் காட்டும் மேலாளரும் இருக்கிறார். ஒரே ஒருமுறை அப்படிச் செய்தால் போதும். செய்தி தளம் முழுவதும் பரவிவிடும்.

மரியாதையும் நம்பிக்கையும்

நெதர்லாந்து ஆய்வாளர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட் அதிகார இடைவெளி என்ற அளவீட்டை உருவாக்கினார். மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறது என்பதை அது காட்டும். அதில் இந்தியாவின் மதிப்பு 77. உயர்ந்த மதிப்புகளுள் ஒன்று. இந்திய அலுவலகங்களில் அமைதியாகத் தலையாட்டும் ஊழியரைப் பார்த்து நல்ல மரியாதை என்று மகிழ்வோர் உண்டு. மரியாதைக்கும் அச்சத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்றாகவே இருப்பதால் மேலிருப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. கீழிருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

குரு–சீடர் உறவில் இது இன்னும் சிக்கலானது. குருவை நம்பித் தன் உடலையும் காலத்தையும் ஒப்படைக்காமல் நடனம் கற்க முடியாது. அதே ஒப்படைப்பு, கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். மேலிருந்து கீழே தரப்படும் நம்பிக்கை ஒன்று: உன்னால் முடியும், செய்து பார் என்பது. கீழிருந்து மேலே போகும் நம்பிக்கை இன்னொன்று: சொன்னால் கேட்பார்கள், சொன்னதற்காகத் தண்டிக்க மாட்டார்கள் என்பது. வாசுதேவாச்சாரியாருக்கும் கதகளி ஆசான்களுக்கும் கிடைத்தது முதல் வகை. அது பெரிதும் ருக்மிணி தேவி என்ற ஒருவரின் ஆளுமையைச் சார்ந்திருந்தது. அவர் 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம் அதை நாடாளுமன்றச் சட்டத்தால் இயங்கும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ஆளுமையின் இடத்தில் குழுக்களும் பதவிகளும் வந்தன.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் வளாகத்துக்குள் போராட்டத்தில் அமர்ந்தனர். ஆசிரியர்கள் சிலர் பாலியல் தொல்லை கொடுத்ததாகவும், முறையிட்டும் நிர்வாகம் உரியபடி கவனிக்கவில்லை என்றும் அவர்கள் குற்றம் சாட்டினர். கல்லூரி மூடப்பட்டது. மாநில மகளிர் ஆணையம் வளாகத்துக்கு வந்து விசாரித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் நிறுவனம் விசாரணைக் குழுவை அமைத்தது.

குற்றச்சாட்டுகளின் மெய்ம்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. பணியிடப் பண்பாட்டைப் பற்றிப் படிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: மாணவர்கள் உள்ளே இருந்த வழிகளை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முழக்கமிட வேண்டிய நிலைக்கு வந்தனர். குறையைச் சொல்லும் வழி இருக்கிறது என்று நிர்வாகம் எண்ணுவதும், அந்த வழி வேலை செய்யும் என்று மாணவர் நம்புவதும் இரு வேறு உண்மைகள். இரண்டாவது இல்லாத இடத்தில் திறமையுள்ள இளைஞர் செய்யக்கூடியவை மூன்று. வெளியேறலாம், வாய்மூடி ஆடலாம், போராடலாம். வாய்மூடி ஆடுபவர் அடவைப் பிழையின்றிப் போடுவார். புதிதாக எதையும் முயல மாட்டார்.

சட்டம் தரும் குறைந்தபட்சம்

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். தொண்டு நிறுவனத்தையோ அத்துறையையோ சேர்ந்த வெளியாள் ஒருவர் கட்டாயம் இடம்பெற வேண்டும். நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் முறையிடலாம். தக்க காரணம் இருந்தால் காலக்கெடு நீட்டிக்கப்படும். விசாரணையை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். முறையிடும் பெண் அங்கே சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் உண்டு. அவை ஆண் மாணவர்களின் முறையீட்டையும் ஏற்கின்றன.

குழுவின் உறுப்பினர் பெயர்களைப் பணியிடத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பதும் சட்டப்படியான கடமை. வெளி உறுப்பினரின் பெயரும் அதில் இருக்கும். அவருடைய சம்பளமோ பதவி உயர்வோ அந்த நிறுவனத்தின் தலைவர் கையில் இல்லை.